நெருஞ்சிப்பட்டியின் ஏற்றமும் வற்றமும்

நெருஞ்சிப்பட்டியில் கடல் முதன்முதலாக ஏறியது ஒரு பங்குனி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வெயிலுமுத்துவின் இடது முன்கையில். ஆழ்குழாயை எண்ணூறு அடிக்கு இறக்கியும் புகையாகத் தூசி மட்டுமே வந்த ஊர் அது; அங்கிருந்து சமுத்திரம் நூற்றிருபது கிலோமீட்டர். ஆகவே கை நனைந்ததும் வெயிலுமுத்து அதை வேர்வை என்று நினைத்துத் துண்டால் துடைத்தான், துடைத்த இடம் மறுபடி நனைந்தது, மறுபடி துடைத்தான், பகல் இரண்டு மணி வாக்கில் அது தானாக வடிந்து, மயிர்க்கால்களில் மாவு பூசினாற்போல் உப்பு மட்டும் வெள்ளையாக நின்றது. அவன் மனைவி ஆவுடைத்தாய் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கடை உப்பைவிடக் கசப்பு கூட என்றாள்.

அந்தக் கை ஐந்து வாரத்துக்கு முன்னால் வெந்த கை. ஒரு தட்டு மருந்து திடீரென்று பற்றி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து தொங்க, அவனைத் தூக்கிக்கொண்டு வந்த ஆஸ்பத்திரியில் அப்போதுதான் ஒரு புதுவிதப் புண்கட்டைச் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. அதைச் செய்தவள் ஜெனோவா. ஊர் எல்லையில் இருந்த மருந்தியல் கல்லூரியின் பின்கட்டில், ஒரே ஜன்னல் வைத்த அறையில், பதினோரு வருஷமாக அவள் இறால் ஓட்டிலிருந்து ஒரு படலம் செய்துகொண்டிருந்தாள். மூட்டையில் வரும் ஓட்டைக் கழுவி, அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைப் போக்கி, காரத்தில் கொதிக்கவைத்துச் சதையைப் போக்கி, மிஞ்சுகிற வெள்ளைச் செதிலை மெல்லிய காடியில் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் காயவைத்து, பதம் பார்த்து உரிப்பாள். முதல் நான்கு வருஷம் படலம் அப்பளம்போல் நொறுங்கியது. அடுத்த மூன்று வருஷம் புண்ணோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதற்கப்புறம் ஈரம் பட்டதும் கஞ்சியாய்க் கரைந்தது. பதினோராம் வருஷம் ஒரு நாள், வெங்காயச் சருகைப்போல் மெலிந்து, மடக்கினால் மடங்கி, விட்டால் விரிந்து, பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் ஜன்னல் தெரிகிற ஒரு படலம் தட்டிலிருந்து எழுந்து வந்தது. அதை வைத்துக் கட்டிய ஒன்பதாம் நாள் வெயிலுமுத்துவின் கை பிறந்த பிள்ளையின் கைபோல் ஆகிவிட்டது. ஊர் அதற்குக் கண்ணாடித் தோல் என்று பேர் வைத்தது.

கை நனைவதைப் பற்றிக் கேள்விப்பட்டு ஜெனோவா போய்ப் பார்த்தபோது, செவிலியர் எழுதி வைத்திருந்த நேரங்கள் அவள் கண்ணில் பட்டன. செவ்வாய் பதினொன்று பத்து. புதன் பன்னிரண்டு. வியாழன் பன்னிரண்டு ஐம்பது. நாளுக்கு ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகிற வேர்வை உலகத்தில் கிடையாது. அப்படித் தள்ளிப்போகிற ஒன்றை அவள் நடக்கப் பழகும் முன்பே அறிந்திருந்தாள், ஏனென்றால் அவள் பிறந்தது சிப்பித்துறையில், அவள் வீட்டு வாசற்படியில்தான் கடல் பொங்குகிற ஏற்றம் வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை அவள் கல்லூரி வேப்பமரத்தடியில் நின்று, ஏழு வருஷமாக அழைக்காத ஒரு எண்ணை அழைத்தாள். எடுத்தவன் அவளுடைய அண்ணன் லாசர்.

"இன்னைக்கு ஏத்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

மறுமுனையில் காற்று அடித்தது. பிறகு லாசர், நேற்றுப் பேசிவிட்டு இன்று பேசுகிறவன்போல், "ஒண்ணே முக்காலுக்கு," என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அன்று ஒன்று நாற்பதுக்கு வெயிலுமுத்துவின் கை நனைந்தது.

ஏழு வருஷத்துக்கு முன் அவர்கள் அம்மாவுக்கு முடியாமல் போனது. காலையில் ஆள் விட்டுச் சொன்னார்கள். இதோ கிளம்பிவிட்டேன் என்று ஜெனோவா சொல்லியனுப்பினாள். ஆனால் தட்டில் ஒரு படலம் காய்ந்துகொண்டிருந்தது, மூன்று மணிக்கு உரிக்காவிட்டால் விரிசல் விட்டுவிடும், உரித்துவிட்டு மாலைப் பேருந்துக்குப் போகலாம் என்று இருந்தாள். மூன்று மணிக்கு அது உரியவில்லை, நான்கு மணிக்கும் உரியவில்லை, ஐந்தரைக்குக் கீறல் விட்டு நாலாக உடைந்தது. மறுநாள் அவள் சிப்பித்துறையில் இறங்கியபோது கல்லறைத் தோட்டத்தில் மண் மூடி, மேலே வைத்த பூவும் வாடியிருந்தது. வாசலில் நின்ற லாசர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; நெருஞ்சிப்பட்டியில் ஒரு மாடி அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலியோடு இருந்தாள்.

ஆடி மாதத்துக்குள் ஊரில் நாற்பத்து மூன்று பேருக்குக் கடல் வந்துவிட்டது. திரி செருகுகிற பெண்களுக்கு விரல்நுனியில், சுமை தூக்குகிறவனுக்குத் தோளில், கொதிக்கிற எண்ணெய் தெறித்த பரோட்டாக் கடைக்காரருக்குக் கன்னத்தில், எங்கெங்கே கண்ணாடித் தோல் பட்டு ஆறியதோ அங்கங்கே ஒரு நாளைக்கு இரண்டு தடவை அது ஏறி இரண்டு தடவை வடிந்தது. ஜெனோவா தன் குறிப்பேடுகளை எத்தனை தடவை புரட்டியும், இந்தப் படலத்தில் போடக்கூடாத எதையும் போட்டதாகவோ போட வேண்டிய எதையும் விட்டதாகவோ காணவில்லை. ஊரும் காரணத்தைத் தேடி நேரத்தைப் போக்கவில்லை. வெயில் வரும்போது குடை பிடிப்பதுபோல் அது தன் வேலையைப் பார்த்தது. பெண்கள் முந்தானையில் உப்புக்கோடு படிகிறது என்று வெளுத்த சேலைகளையே உடுத்தினார்கள். பூனைகள் அவர்கள் பின்னால் வந்தன, பழகிப்போய் விட்டும்விட்டன. பெண் பார்க்க வருகிறவர்கள், உங்க வீட்டில் யாருக்காவது ஏத்தம் உண்டா என்று கேட்டு, உண்டு என்றால், சரி, முகூர்த்தத்தை அது வடிகிற வற்றத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஆனால் ஆலையில் அப்படி விட முடியவில்லை. பட்டாசு மருந்தில் போடுகிற அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள் சூடேறிப் பற்றிக்கொள்ளும். வேலைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம், கலவை அறையில் குனிந்திருந்த வெயிலுமுத்துவின் கை அவன் கவனிக்கும் முன்பே நனைந்து, முழங்கையில் ஒரு சொட்டு திரண்டு, தட்டுக்கு மேலே தொங்கியது. அவன் மூச்சை அடக்கி, கையை மார்போடு அணைத்து, பின்னோக்கியே நடந்து வெளியே வந்து, வேலியோரம் உட்கார்ந்து, கையை மண்ணில் புரட்டி உலர்த்தினான். அன்றைக்கே ஆலையில் இருந்த ஏற்றக்காரர்கள் பதினெட்டுப் பேரையும் வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் நேராக ஜெனோவாவின் அறைக்கு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். திட்டவில்லை. இது எப்போது வரும், எப்போது போகும் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார்கள்.

அவளே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், லாசரைக் கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாரந்தவறாமல் அவள் கைபேசிக்கு ஏழு வரி வந்தது, ஏழு நாளைக்கும் ஏற்றம் இத்தனை மணி, வற்றம் இத்தனை மணி, அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவளும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த ஏழு வரியை அவள் ஒரு கரும்பலகையில் எழுத, அது ஆலை வாசலில் தொங்க, பிறகு பேருந்து நிலையத்தில் ஒன்று, டீக்கடையில் ஒன்று என்று தொங்க, கடலையே பார்த்திராத மேஸ்திரிகள், வெள்ளம் ஏறுது, எழுந்து வெளிய வா என்று கூப்பிட்டார்கள். பேசாமல் போன ஒரு அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையில் ஓடிய கடுதாசியைப் படித்துத்தான் அந்த ஊர் இரண்டு வருஷம் வேலைக்குப் போய் வந்தது, அது ஊருக்குத் தெரியாது.

வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தவர்கள் பக்கத்துக் கல்லூரியின் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். ஏற்றம் முட்டி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் பேச்சு தானாக அறுந்துபோகும். எல்லார் முகமும் தென்கிழக்கே திரும்பும். சாதி வேறு, தெரு வேறு, முன்பின் முகம் பார்த்துப் பேசாதவர்கள்கூட ஒரே வீட்டில் தூங்குகிறவர்கள்போல ஒரு அமைதியில் இருப்பார்கள். என்ன தெரிகிறது என்று கேட்டால், தெரிகிறதுன்னு இல்லை, ஒருத்தர் பக்கத்தில் வந்து இருந்துட்டுப் போற மாதிரி என்பார்கள். ஜெனோவா அந்த வழியாகப் போகும்போது தள்ளி உட்கார்ந்து இடம் விடுவார்கள். அவள் உட்காருவாள். அவளுக்கு வெயில் மட்டும் சுட்டது. கடலில் பிறந்த ஒரே ஆள் அவள், அந்த மரத்தடியில் கடல் வராத ஒரே ஆளும் அவள்தான்.

அடுத்த சித்திரையில், கொதிக்கிற பாத்திரத்தை இறக்கும்போது அவள் மணிக்கட்டு சுட்டுவிட்டது. தெரியாமல்தான் சுட்டது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படலத்தை ஒட்டினாள். ஒன்பதாம் நாள் புண் தடமில்லாமல் ஆறியது. பத்தாம் நாள் பலகையைப் பார்த்து, ஏற்ற நேரத்துக்குக் கதவைச் சாத்தி நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டை மடியில் வைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. பதினோராம் நாளும் உட்கார்ந்தாள். ஒரு மாதம் உட்கார்ந்தாள். தோல் காய்ந்த ஓலைபோல் இருந்தது.

ஆனியில் பட்டணத்திலிருந்து ஒரு குழு வந்தது. கண்ணாடித் தோலை எல்லா ஊர்களுக்கும் கொடுக்கலாமா என்று முடிவு செய்யவேண்டியவர்கள் அவர்கள். ஏற்றக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து, நனைவதைப் பார்த்து, துடைத்து, எடை போட்டு, மிகையான வேர்வை என்று எழுதினார்கள். தலைவர் ஜெனோவாவைத் தனியாகக் கூப்பிட்டு, புண் ஆறுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த இன்னொன்றை மட்டும் எடுத்துவிட்டால் அனுமதி தரலாம் என்று பரிவாகச் சொன்னார். அவள் இறால் ஓட்டை விட்டுவிட்டுக் காளானிலிருந்து படலம் செய்தாள். அதே பொருள்தான், காளானிலும் இருக்கிறது. காளான் தோல் கடலைக் கொண்டுவரவில்லை. ஆனால் மெதுவாக ஆற்றியது, வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றவேண்டியிருந்தது, ஆறிய இடத்தில் தழும்பும் விட்டது.

கார்த்திகை மாதத்து ஒரு பகலில் ஆவுடைத்தாய் அவள் அறைக்கு வந்தாள். வெயிலுமுத்துவின் மனைவி என்று ஜெனோவாவுக்குத் தெரியும், அதற்குமேல் பழக்கமில்லை. ஆவுடைத்தாய் வாசலிலேயே நின்று, பழைய கண்ணாடித் தோல் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். பன்னிரண்டு இருக்கிறது, யாருக்கு என்ன புண் என்று ஜெனோவா கேட்டாள். புண் இன்னும் இல்லை என்றாள் ஆவுடைத்தாய்.

ஜெனோவா நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டுத் தான் ஓட்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"நல்ல மனுசந்தான் டாக்டரம்மா. குடிக்கிறதில்ல, வைறதில்ல," என்றாள் ஆவுடைத்தாய். "ஆனா அது வந்துட்டா அவரு எங்கயோ போயிருதாரு. சோத்தப் போட்டுக்கிட்டே இருக்கேன், எதுக்க இருக்க ஆளக் காணும். அந்த நாப்பத்து மூணு பேரும் ஒண்ணாப் போறாங்க, ஒண்ணா வாராங்க. நான் வீட்டுல இருக்கேன். அடுப்புல கைய வச்சிட்டு வந்தா நீங்க ஒட்டி விடுவீகளா?"

ஜெனோவா மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அதை இதுவரை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சுட்டதையும், ஒட்டியதையும், ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததையும் சொன்னாள். ஆவுடைத்தாய் அந்தத் தோலைத் தடவிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அன்றைய ஏற்றத்துக்கு ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

"அடுப்புல கைய வைக்க வேண்டாம். பஸ் இருக்கு," என்றாள் ஜெனோவா.

சனிக்கிழமை முதல் பேருந்தில் இருவரும் கிளம்பினார்கள். கரிசல் முடிந்து, செம்மண் வந்து, பனையாக வந்து, உப்பளம் வந்து, பத்து மணிக்குச் சிப்பித்துறையில் இறங்கியபோது வற்றம் தொடங்கியிருந்தது. ஆவுடைத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நேராக நடந்து முழங்காலளவு தண்ணீரில் போய் நின்றாள்.

லாசர் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. வலது காலை ஒரு பலகைமேல் நீட்டி வைத்திருந்தான். தங்கையைப் பார்த்ததும் எழவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை.

"யாரு அது, தண்ணிக்குள்ள?"

"எங்க ஊர்க்காரங்க. கடல் பாக்க வந்துருக்காங்க."

"நிக்கட்டும். மணல் நல்ல மணல்தான்."

அவள் கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்தாள். கடல் பின்வாங்கிக்கொண்டே போயிற்று. அது போகப்போக ஆவுடைத்தாயும் முழங்கால் தண்ணீரை விடாமல் ஓரோர் அடியாகப் பின்னாலேயே போனாள். இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் பார்ப்பதற்கு அது ஒன்று இருந்தது. அரைமணி நேரம் அப்படிப் போனது.

"நான் வந்திருக்கணும்ணே," என்றாள் ஜெனோவா. "அன்னைக்கு ஒரு தட்டு காயணும்னு இருந்துட்டேன். அம்மா போகையில நான் இல்ல."

லாசர் கடலைப் பார்த்தபடியே பேசினான். "நானும் இல்ல."

அவள் திரும்பினாள்.

"மூணு நாளா பக்கத்துலதான் கெடந்தேன். நீ கெளம்பிட்டேன்னு ஆள் வந்து சொன்னாம்லா. சரி, இவ வந்து பாத்துக்கிடுவான்னு வள்ளத்தை எறக்கிட்டேன். திரும்பி வந்து கதவத் தொறந்தா, வெறச்சிப் போய்க் கெடக்காங்க. எப்பப் போனாங்கன்னே தெரியாது." அவன் மணலை ஒரு பிடி அள்ளிக் கொட்டினான். "ஊர்ல எல்லாத்துட்டயும் நான் கூட இருந்ததாச் சொல்லிட்டேன். கைய என் கையில வச்சுக்கிட்டே போனாங்கன்னு சொன்னேன். இன்னைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அதுக்கப்புறம் உன் முகத்தப் பாத்து நான் என்ன பேச?"

ஏறக்குறைய ஒன்பது வருஷம் அவள் அந்தப் பழியைச் சுமந்திருந்தாள். இப்போது அது இறங்கும் என்று நினைத்தவள்போல் ஒரு கணம் மூச்சை விட்டாள். இறங்கவில்லை. அண்ணன் பக்கத்தில் இருந்தான் என்ற ஒன்றையாவது இத்தனை காலம் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அதுவும் போய், அந்த அறையில் அம்மா மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஜெனோவா அழுதாள். லாசர் அழவில்லை, துண்டை எடுத்து அவள் பக்கம் மணலில் வைத்தான். அதை எடுக்கக் குனிந்தபோதுதான் அவன் காலைச் சரியாகப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே அழுக்குத் துணி சுற்றி, துணியின் ஓரம் கறுத்திருந்தது.

அவள் கேட்காமலேயே துணியை அவிழ்த்தாள். எட்டணா அகலத்துக்குக் குழி விழுந்த புண், விளிம்பு வெளுத்துத் தடித்திருந்தது.

"சுகர் இருக்கா?"

"இருக்குன்னாங்க."

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"மாதா கோயில் கொடியேத்தத்துக்கு முந்தி."

"எந்த வருசத்துக் கொடியேத்தம்?"

அவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், அவள் விடவில்லை. அவள் பையில் எப்போதும் இரண்டு உறைகள் இருக்கும். கொதித்தாறிய தண்ணீர் வாங்கி வந்து புண்ணைக் கழுவி, செத்த தோலை ஒதுக்கிவிட்டு, இரண்டு உறையையும் எடுத்து வைத்து, ஒன்று இறால் ஓட்டில் செய்தது, சீக்கிரம் ஆறும், ஆனால் அதோடு ஏற்றமும் வற்றமும் வரலாம், மற்றது காளான், மெதுவாகத்தான் ஆறும், தழும்பு நிற்கும் என்று, ஆஸ்பத்திரியில் சொல்வதுபோலவே அண்ணனிடம் சொன்னாள்.

லாசர் யோசித்தான். "கடல் எனக்கு இருக்கு. காளானையே போடு."

"வாரத்துக்கு ரெண்டு தடவ மாத்தணும். செவ்வாயும் சனியும்."

"யாரு மாத்துவா?"

"நான் வாரேன்," என்றாள்.

பிற்பகலில் ஆவுடைத்தாய் கரையேறினாள். உதடு காய்ந்து, கால் வெளிறிச் சுருங்கியிருந்தது. அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். அவருக்கு இது என்ன சொல்கிறதோ, தனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றாள். பிறகு, ஆனால் இத்தனை பெரிதாக இருக்கும் என்று தெரியாமல், தன்னைவிட்டு அவர் எவளோ ஒருத்தியிடம் போவதுபோல் இத்தனை நாள் நினைத்துவிட்டதாகச் சொன்னாள். ஜெனோவா அன்றிரவு அண்ணன் வீட்டில் தங்கிவிட, ஆவுடைத்தாய் மாலைப் பேருந்தில் தனியாகத் திரும்பினாள். அதன்பிறகு ஏற்ற நேரத்தில் அவள் சோற்றை மூடி வைத்துவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய், வெயிலுமுத்துவின் பக்கத்தில், வடிந்து முடிகிறவரை சும்மா உட்கார்ந்திருந்து, அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று சொல்வார்கள்.

ஜெனோவா கல்லூரியில் செவ்வாய்க்கிழமைகளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். பக்கத்து வீட்டில் ஒருத்திக்குக் காட்டிக் கொடுத்தால் அவளே மாற்றிவிடுவாள், காட்டிக் கொடுக்கவில்லை. கழுவுவாள், ஒட்டுவாள், கட்டுவாள். பேச்சு அதிகம் இல்லை. ஒரு செவ்வாய், அம்மா கடைசி நாட்களில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டாள், கருவாட்டுத் தண்ணி கேட்டாள் என்று லாசர் சொன்னான். ஒரு சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்துக்கு அவன் நொண்டி நொண்டி வர, இருவரும் சேர்ந்து போனார்கள், தனித்தனியாக நின்றார்கள். மாலையில் அவள் மாடி அறைக்குத் திரும்பி, ஒரு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுப்பாள். பதினோரு வருஷம் புண்ணைச் சீக்கிரம் ஆறவைக்கவே பாடுபட்டவள், அந்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூடக் காளான் தோல் மெதுவானது என்று அலுத்துக்கொள்ளவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை கட்டைப் பிரித்தபோது, படலம் தானாகக் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அடியில் சுருங்கிய, மங்கலான, ஆனால் முழுத் தோல். இருவரும் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

"ஆறிட்டு," என்றான் லாசர். கைப்பொருளைத் தொலைத்தவன் குரல் அது.

"ஆமாண்ணே."

அவன் காலை மெதுவாகப் பலகையிலிருந்து இறக்கி மணலில் ஊன்றிப் பார்த்தான். "அப்ப செவ்வாக்கெழம வரமாட்டே."

ஜெனோவா துணியையும் கத்திரியையும் பையில் எடுத்து வைத்தாள். "வருவேன்," என்றாள். "சும்மா வருவேன்."